ஃபால்ஸ் சீலிங்கில் ஈரக்கறை: ஏசி செம்புக் குழாயும் அதன் இன்சுலேஷனும்

வாசகர் கேள்வி: சென்னை திருவான்மியூரில் கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி பொருத்தினோம். அதன் காப்பர் பைப் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறத்தாழ 6 மீட்டர் ஓடிப் பால்கனியில் உள்ள அவுட்டோர் யூனிட்டைச் சேர்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் ஜிப்சம் போர்டில் பழுப்புக் கறை விழுகிறது. கோடைப் பகலில் நாள் முழுவதும் ஏசி ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒரு மெக்கானிக் டிரெயின் அடைப்பு என்றார். இன்னொருவர் கேஸ் குறைவு என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். மூன்றாமவர் காப்பர் பைப் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். இதற்கிடையே மாடியில் ஓர் அறை கட்டுகிறோம். அங்கே குழாயைச் சுவருக்குள் பதிக்க விருப்பம். அடுத்த மாதம் பூச்சு வேலை. பழையதை எப்படிச் சரிசெய்வது? புதியதை எப்படி அமைப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கோடைப் பகலில் கறை இல்லை, மழைக்காலத்தில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே இதில் மிகவும் பயனுள்ள தகவல். டிரெயின் குழாய் அடைத்திருந்தால் ஏசி ஓடும் எல்லாக் காலத்திலும் தண்ணீர் வழிந்திருக்கும். கேஸ் குறைந்திருந்தால் முதலில் குளிர்ச்சி குறையும், இன்டோர் காயிலில் பனி கட்டும், தண்ணீர் இன்டோர் யூனிட்டின் வாயிலிருந்து சொட்டும். குழாய் போகும் வழியெங்கும் சீலிங்கில் கறை விழாது. ஆகவே உங்கள் வீட்டில் ஈரக்காற்று குளிர்ந்த குழாயைத் தொடுகிறது, அல்லது குழாயின் மேலுள்ள இன்சுலேஷன் போதாமல் அதன் வெளிப்புறமே வேர்க்கிறது என்பதே என் கணிப்பு. ஆனாலும் சீலிங்கைப் பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஏசியை ஒரு நாள் நிறுத்திவைத்து, இன்டோர் யூனிட்டின் டிரெயின் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றியது முழுவதும் வெளியே வந்து, சீலிங் உலர்ந்தே இருந்தால் டிரெயின் மீது குற்றமில்லை. அடுத்து, மழை பெய்த ஓர் இரவில் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு, ஏசியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுக் குழாயை உலர்ந்த துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். உறையின் மேல் பரவலாகத் துளிகள் அரும்பினால் உறையின் தடிமன் போதவில்லை. ஓரிடத்தில் மட்டும் நீர் சேர்ந்து சொட்டினால் அங்கே உறை பிரிந்திருக்கிறது.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்தால் யார் வந்து எதைச் சொன்னாலும் நீங்களே எடைபோட முடியும். காற்றில் கலந்துள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீராக மாறத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்கிறோம். கோடைப் பகலில் வெப்பம் 38 பாகை செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பனிநிலை 24 பாகை. ஐப்பசி மழையில் வெப்பம் 30 பாகைக்கு இறங்கி ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு ஏறினால் பனிநிலை 27 பாகையாக உயர்ந்துவிடும். நமக்குப் புழுக்கம் குறைந்ததுபோல் தோன்றும் அந்த நாளில்தான் குழாய்க்கு நெருக்கடி அதிகம். ஏசியின் இரு யூனிட்டுகளையும் இணைப்பவை தடித்த (அரை அங்குல) குழாய் ஒன்றும் மெல்லிய (கால் அங்குல) குழாய் ஒன்றும். ஏசி ஓடும்போது தடித்த குழாய் ஏறத்தாழ 8 முதல் 12 பாகையில் இருக்கிறது. அதன்மேல் போர்த்திய உறையின் வெளிப்பரப்பு எப்போதும் பனிநிலைக்கு மேலேயே இருக்க வேண்டும். இன்சுலேஷனின் வேலை அவ்வளவுதான். மின்சாரம் மிச்சமாவது கூடுதல் பயன்.

இங்கே மெக்கானிக்குகள் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தடித்த குழாய்க்கு மட்டும் உறை போட்டு மெல்லிய குழாயை வெறுமனே விடுவதும், இரண்டையும் சேர்த்து ஒரே உறைக்குள் திணித்து டேப் சுற்றுவதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். மெல்லிய குழாயில் சூடான திரவம் போகிறது, அதற்கு உறை எதற்கு என்பது இவர்கள் சொல்லும் காரணம். திரவத்தின் அழுத்தத்தை இறக்கிக் குளிரவைக்கும் விரிவு வால்வு இன்டோர் யூனிட்டில் இருக்கும் அமைப்புகளுக்கு அது பொருந்தும். வீடுகளில் நாம் மாட்டும் ஸ்பிளிட் ஏசிகளிலோ பெரும்பாலும் அந்த வால்வோ, அதே வேலையைச் செய்யும் கேப்பிலரி என்ற மிக மெல்லிய குழாயோ அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் மெல்லிய குழாய்க்குள் வரும்போதே குளிர்பதனப் பொருள் (கேஸ்) அழுத்தம் இறங்கிக் குளிர்ந்துவிடுகிறது; இரண்டு குழாய்களுமே சில்லென்றுதான் இருக்கும். ஒரே உறைக்குள் இரண்டையும் வைத்தால் குழாய்களுக்கு இடையே நீளவாக்கில் ஓர் இடைவெளி உருவாகி, அதற்குள் புகுந்த ஈரக்காற்று உள்ளேயே நீராகி, தாழ்வான இடம் வரை ஓடி அங்கே சொட்டும். கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் பழுது இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அடுத்தது தடிமன். ஏசியோடு பெட்டியில் வரும் வெள்ளை நிறப் பாலிஎத்திலீன் நுரை உறை பெரும்பாலும் 8 அல்லது 9 மில்லிமீட்டர்தான் இருக்கும். காற்று அசையாத ஓரிடத்தில் வெப்பம் 32 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம், அரை அங்குலக் குழாய் 8 பாகை என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பனிநிலை 28 பாகையை ஒட்டி வருகிறது. 9 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் உறை போட்டால் அதன் வெளிப்பரப்பு 26.5 பாகையில் நிற்கிறது, வேர்க்கும். 13 மில்லிமீட்டருக்கு 28 பாகை வருகிறது. அது விளிம்பில் நிற்பது, காற்று இன்னும் கொஞ்சம் ஈரமானால் தோற்றுவிடும். 19 மில்லிமீட்டருக்கு 29.5 பாகை, தப்பிக்கலாம். ஏசி நிறுவனங்களின் பொருத்துதல் கையேடுகள் சிலவும், 30 பாகைக்கு மேல் வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் உள்ள இடங்களில் 20 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்றே கூறுகின்றன. கடற்கரையோரச் சென்னையில், அதுவும் காற்றோட்டமில்லாத ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, 19 மில்லிமீட்டருக்குக் குறைந்து போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கோயம்புத்தூர் போன்ற உலர்ந்த ஊராக இருந்து, குழாயும் திறந்த இடத்தில் போவதாக இருந்தால் 13 போதும் என்று சொல்லியிருப்பேன்.

பழைய குழாயின் செம்பை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. உறையைப் பிரித்ததும் செம்பின்மேல் பச்சை பூத்துக் குழி விழுந்திருந்தாலோ, வளைவில் குழாய் மடங்கி நசுங்கியிருந்தாலோ, கசிவு இருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். இல்லையேல் பழைய உறை முழுவதையும் எடுத்துவிட்டு, செம்பைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் அதன் அளவுக்குச் சரியான துளையுள்ள மூடிய நுண்ணறை நைட்ரைல் ரப்பர் உறையைத் தனித்தனியே போடச் சொல்லுங்கள். இருக்கும் குழாயின்மேல் உறையைக் கீறித்தான் போட முடியும். ஆகவே அந்தக் கீறலை ஒட்டுவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதற்கென உள்ள ரப்பர் பசையை இரு விளிம்புகளிலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். டேப்பை மட்டும் சுற்றிவிட்டுப் போனால் ஓராண்டில் அது விரிந்துவிடும். உறைத்துண்டுகளின் முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஓரிடத்திலாவது முனையைச் செம்போடு சேர்த்து ஒட்டிவிட்டால், ஏதோ ஓரிடத்தில் ஈரம் புகுந்தாலும் அது குழாய் நெடுகப் பரவாமல் அங்கேயே நின்றுவிடும். உறையை இழுத்து நீட்டி ஒட்டக்கூடாது. பின்னால் சுருங்கும்போது இணைப்பு வாய் பிளக்கும். ஒட்டிய பின் 24 மணி நேரம் ஏசியை ஓட்ட வேண்டாம்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். இன்டோர் யூனிட்டின் பின்னால் பிளேர் நட் (குழாயின் விரித்த வாயை இறுக்கிப் பிடிக்கும் நட்) இருக்கும் இணைப்பில் வெறும் பித்தளை வெளியே தெரியும். கசிவுச் சோதனை முடிந்ததும் அதையும் தடித்த ரப்பர் துண்டால் மூடி, ஒட்டு மேற்புறமாக வரும்படி அமைக்க வேண்டும். அடுத்தது டிரெயின் குழாய். அதில் ஓடுவதும் குளிர்ந்த நீர்தான் என்பதால் சீலிங்குக்கு மேலே போகும் பகுதிக்கு அதற்கும் உறை வேண்டும். நூறுக்கு ஒன்று என்ற அளவிலாவது சரிவும் வேண்டும். குழாய்களைத் தாங்கும் கிளாம்புகளை ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில், அகலமான பட்டையாகப் போடுங்கள். கட்டுக்கம்பியாலோ கேபிள் டையாலோ இறுக்கிக் கட்டினால் 19 மில்லிமீட்டர் உறை அந்த இடத்தில் 5 மில்லிமீட்டராகிவிடும், அங்கே துளி அரும்பும். நல்ல உறையை வாங்கிப் போட்டுவிட்டு இந்த ஒரு கட்டினால் பணத்தை வீணாக்கிய வீடுகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கேஸ் நிரப்பியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசியில் குளிர்பதனப் பொருள் செலவாகித் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய சுற்று. உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவதில் பொருளில்லை. குறையாமலேயே நிரப்பியிருந்தால் இப்போது அளவுக்கு மீறி இருக்கும். இரண்டில் எதுவானாலும், உறை மாற்றும்போதே உள்ளிருப்பதை மீட்பு இயந்திரத்தால் எடுத்து, கசிவு பார்த்து, அவுட்டோர் யூனிட்டின் பெயர்ப்பலகையில் உள்ள எடைப்படி தராசில் நிறுத்துப் புதிதாக நிரப்பிவிடுவது நல்லது.

இனி மாடியறை. சுவருக்குள் பதிப்பதைவிட, குழாய் போகும் வழியில் திறந்து மூடக்கூடிய பெட்டி அமைப்பையோ பிவிசி டிரங்கிங்கையோதான் நான் விரும்புவேன். பத்தாண்டு கழித்துக் குழாயைத் தொட வேண்டிவந்தால் சுவரை உடைக்காமல் தொடலாம். பதிப்பதுதான் உங்கள் முடிவென்றால் முதலில் அளவைப் பாருங்கள். அரை அங்குலக் குழாயின் இருபுறமும் 19 மில்லிமீட்டர் உறை சேர்ந்தால் விட்டம் 51 மில்லிமீட்டர். கால் அங்குலக் குழாய்க்கு 44. பூச்சு மூடும் தடிமனையும் சேர்த்தால் நாலரை அங்குலச் சுவரில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டிவரும், அதைச் செய்யாதீர்கள். ஒன்பது அங்குலச் சுவரில் செங்குத்தாக வெட்டலாம், நீளமாகக் கிடைவாட்டில் வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். தூணிலும் உத்தரத்திலும் உளியே படக்கூடாது. காடிக்கு இடம் போதவில்லை என்று கொத்தனார் உறையை நசுக்கி உள்ளே தள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

குழாய் வாங்கும்போது சுவர்த் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். கால் அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் 0.8 மில்லிமீட்டர் வேண்டும். ஆர்-32 என்ற இக்காலக் குளிர்பதனப் பொருள் நிரப்பிய ஏசி நின்றிருக்கும்போதே, 30 பாகை வெப்பத்தில், குழாய்க்குள் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 265 பவுண்டு அழுத்தம் இருக்கிறது. பழைய ஆர்-22 காலத்தில் அது சுமார் 160 பவுண்டுதான். அன்று தாங்கிய மெல்லிய குழாயும் அரைகுறை பிளேரும் இன்று தாங்க வேண்டுமென்பதில்லை. கடையில் நம்பிக்கை இல்லையென்றால் நிறுத்துப் பாருங்கள். அரை அங்குலத்தில் 50 அடிச் சுருள் 0.8 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 4 கிலோ இருக்க வேண்டும். 3 கிலோவை ஒட்டி இருந்தால் அது 0.6 மில்லிமீட்டர் சரக்கு. வாங்கியதிலிருந்து பொருத்தும்வரை இரு முனைகளிலும் மூடி இருக்கட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் திறந்து கிடக்கும் குழாய்க்குள் சிமென்ட் தூளும் மழைநீரும் போவதைத் தடுக்க வேறு வழியில்லை.

சுவருக்குள் எந்த இணைப்பும் வரக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே நீளத் துண்டாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், சுருளிலிருந்து வெட்டியதும் உறையைக் கீறாமலேயே முனை வழியாக முழுமையாக நுழைத்துவிடலாம் என்பது இன்னொரு நன்மை. வளைவுகளைக் கையால் மடக்காமல் பெண்டர் கொண்டு வளைக்க வேண்டும். சுவருக்கு வெளியே ஏதேனும் ஓரிடத்தில் பற்றவைக்க வேண்டியிருந்தால், குழாய்க்குள் நைட்ரஜனை மெல்லிய ஓட்டமாக விட்டுக்கொண்டே பற்றவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உட்புறம் கறுப்பு ஆக்சைடு படிந்து, பின்னர் செதிலாகப் பெயர்ந்து கேப்பிலரியையோ வால்வையோ அடைக்கும்.

பூச்சுக்கு முன் அழுத்தச் சோதனை கட்டாயம். இரு குழாய்களையும் ஒரு முனையில் ஒன்றோடொன்று இணைத்து, மறுமுனையில் கேஜ் மாட்டி, உலர்ந்த நைட்ரஜனை உங்கள் ஏசியின் கையேட்டில் உள்ள சோதனை அழுத்தம் வரை படிப்படியாக ஏற்றி, 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். காலையும் மாலையும் வெப்பம் மாறும்போது முள் சற்று அசைவது இயல்பு. அதே வெப்பநிலையில் மீண்டும் அதே அளவைக் காட்ட வேண்டும். சோதனை முடிந்ததும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, கேஜைக் கழற்றாமல் பூச்சு முடியும்வரை விட்டுவையுங்கள். யாராவது ஆணி அடித்துக் குழாயைத் துளைத்தால் அன்றே தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஆக்சிஜனை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்; வெல்டிங் உருளை கையில் இருக்கிறதே என்று அதைத் திறப்பவர்கள் உண்டு. எண்ணெயும் அழுத்தமேறிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், அதில் உயிர்கள் போயிருக்கின்றன. சாதாரணக் காற்றழுத்த இயந்திரமும் வேண்டாம். அது ஈரத்தைக் குழாய்க்குள் கொண்டுபோய் வைக்கும்.

ஏசி மாட்டும் நாளில் இரண்டு வேலைகளுக்கு அருகிலேயே நில்லுங்கள். முதலாவது பிளேர். குழாயை டியூப் கட்டரால் வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறு நீக்கி, நட்டை மாட்டிய பிறகு விரிக்க வேண்டும். விரிந்த வாயின் விட்டம் கால் அங்குலக் குழாய்க்கு 8.7 முதல் 9.1 மில்லிமீட்டர், அரை அங்குலத்துக்கு 16.2 முதல் 16.6 வரை இருக்க வேண்டும். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வேண்டும்: கால் அங்குலத்துக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 49 முதல் 61. கைப்பழக்கத்தில் இறுக்குபவர் பெரும்பாலும் மெல்லிய குழாயை அளவுக்கு மீறி இறுக்கி வாயைப் பிளந்துவிடுகிறார். இரண்டாவது வாக்குவம், அதாவது குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த முறையில் குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஈரம் போகாது. இக்காலக் கம்ப்ரெசர்களின் செயற்கை எண்ணெய் அந்த ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். போதாததற்கு ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. 30 பாகையில் நீர் கொதித்து ஆவியாக வேண்டுமென்றால் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 32-க்குக் கீழே இறங்க வேண்டும், நாம் 0.5 மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான் வரை இறக்குகிறோம். மேனிஃபோல்டு கேஜின் முள் இதைக் காட்டாது, மைக்ரான் கேஜ் வேண்டும். பம்ப்பை நிறுத்தி வால்வை மூடிய பின் பத்து நிமிடம் கழித்தும் அளவு ஆயிரம் மைக்ரானைத் தாண்டாமல் நின்றால் அவுட்டோர் வால்வுகளைத் திறக்கலாம்.

மிச்சக் குழாயை அவுட்டோரின் பின்னால் செங்குத்து வளையமாகச் சுற்றி வைக்க வேண்டாம், எண்ணெய் அதன் அடியில் தேங்கும். குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து, அதற்கு மேல் உள்ளதை வெட்டிவிடலாம். பெயர்ப்பலகையில் குறித்த நீளத்தைக் குழாய் தாண்டினால், மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அங்கே கொடுத்திருக்கும் கணக்குப்படி கூடுதல் கேஸ் சேர்க்க வேண்டும். பால்கனியில் வெயில் படும் பகுதியில் கறுப்பு ரப்பர் உறை வெறுமனே இருந்தால் சில ஆண்டுகளில் வெடித்து உதிரும். அலுமினியத் தகடோ பிவிசி மூடியோ போட்டுவிடுங்கள், உங்கள் ஊர் உப்புக்காற்றிலிருந்தும் அது காக்கும்.

பூச்சு போடுவதற்கு முந்தைய நாள், சுவரில் குழாய் போகும் பாதை முழுவதையும், தரையிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் அளவு நாடாவை விரித்து வைத்து, எண்கள் தெளிவாகத் தெரியும்படி புகைப்படம் எடுத்து வையுங்கள். அலமாரிக்கோ தொலைக்காட்சிக்கோ அந்தச் சுவரில் துளையிட வருபவரிடம் முதலில் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.